ஐந்து கடவுச்சீட்டுகளும் ஒரே ஒரு தேதியும்

விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் எங்கள் ஐந்து கடவுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்ட இளைஞர், நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, மகளுடையதை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். ஒளிப்படம் உள்ள பக்கத்தைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார். சுண்டுவிரலோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. "நாலு மாசம் இருபது நாள்தான் இருக்கு மேடம். இதை வெச்சுப் பாப்பாவை ஏத்த முடியாது" என்றார்.

நாங்கள் சிங்கப்பூருக்குப் புறப்பட்டிருந்தோம். உள்ளே நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்பது அந்நாட்டின் விதி. மகளின் கடவுச்சீட்டு காலாவதியாகிவிடவில்லை. எங்கள் பயணமோ ஆறே நாள். ஆனாலும் அது அன்றைக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு சிறிய புத்தகமாகிவிட்டது. என் கணவர் மேலாளரை அழைக்கச் சொன்னார், நான் கெஞ்சினேன், இரண்டு வயது மகன் பெட்டியின் மீது ஏறி உட்கார்ந்து அழுதான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்று, அந்நாடு அவரைத் திருப்பி அனுப்பினால், அவரைத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் விதிக்கும். ஆகவே குடிவரவு அதிகாரியைவிடச் செக்-இன் கவுன்டரில் இருப்பவர்தான் கறாராக இருப்பார். அவருக்கு முன்னால் திறந்திருப்பது பெரும்பாலும் டைமாட்டிக் என்னும் தரவுத்தொகுப்பு. பயணியின் குடியுரிமை, செல்லும் நாடு, இடையில் இறங்கும் நாடு ஆகியவற்றைக் கொடுத்தால், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அந்தத் திரையோடு வாதாடிப் பயனில்லை.

தவறு முழுக்க எங்களுடையது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான், என் கணவர், என் அம்மா, அப்போது நான்கு வயதாகியிருந்த மகள் ஆகிய நால்வரும் ஒரே நாளில் விண்ணப்பித்து, ஒரே வாரத்தில் கடவுச்சீட்டு பெற்றிருந்தோம். பயணச்சீட்டு பதிவு செய்த இரவில் நான் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. எல்லாம் ஒன்றாக எடுத்தவைதானே என்று மற்றவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்குக் கடவுச்சீட்டு தரும் பல நாடுகள் குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே தருகின்றன. முகம் வேகமாக மாறிவிடும் என்பது அதற்கான காரணம். இந்தச் சிறு செய்தி எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும், அதை என் மகளின் புத்தகத்தோடு சேர்த்து நான் யோசிக்கவில்லை. குடும்பமாகப் பயணம் செய்பவர்களுக்கு ஐந்து காலாவதித் தேதிகள் கிடையாது. அந்த ஐந்தில் எது முதலில் வருகிறதோ அதுதான் குடும்பத்தின் தேதி. அன்று வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள், "என் பாஸ்போர்ட் மட்டும் ஏம்மா சீக்கிரம் முடியுது?" அவளால்தான் பயணம் நின்றது என்ற எண்ணம் அந்தக் குழந்தையின் மனத்திலிருந்து போகப் பல நாட்கள் ஆயின. பயணச்சீட்டில் போன பணத்தைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

காலாவதித் தேதியில் வேறு நுணுக்கங்களும் உண்டு. ஆறு மாத விதி எங்கும் ஒன்றுபோல் இல்லை. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, செல்லும் வெளிநாட்டவர், அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். அதோடு, நுழையும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனை பலரைக் கவிழ்த்திருக்கிறது. பிரிட்டன் 2018 வரை, பழைய கடவுச்சீட்டில் மீதமிருந்த மாதங்களைப் புதியதோடு சேர்த்துக் கொடுத்துவந்தது. அப்படிக் கூடுதல் மாதங்கள் பெற்றவர்கள், கையில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருந்தும் ஐரோப்பாவுக்கு விமானம் ஏற முடியாமல் நின்றார்கள். எனவே காலாவதித் தேதியோடு வழங்கிய தேதியையும் பார்க்க வேண்டும். வெற்றுப் பக்கங்களையும் எண்ண வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு வெற்றுப் பக்கங்களாவது தேவை. அடிக்கடி பயணம் செய்யும் என் கணவருக்கு நாட்கள் நிறைய இருந்தும் பக்கங்கள் தீர்ந்துவிட்டதால் ஒருமுறை முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டியிருந்தது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: காலாவதிக்கு ஒன்பது மாதங்களுக்கு முன் புதுப்பிக்கத் தொடங்கிவிடுவது. ஆறு மாதங்கள் எப்படியும் பயன்படாது. மீதி மூன்றில் விண்ணப்பம், சரிபார்ப்பு, எதிர்பாராத தாமதம் எல்லாம் அடங்க வேண்டும். விசா தேவைப்படும் பயணமென்றால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். விசா விண்ணப்பம் நடக்கும்போது கடவுச்சீட்டு பெரும்பாலும் தூதரகத்திடம் இருக்கும் என்பதால் அந்த நாட்களில் அதைப் புதுப்பிக்கவும் முடியாது, வேறெங்கும் போகவும் முடியாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை அறியாமல், கடைசி மாதம் வரை காத்திருந்து பதறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பெயர். அம்மாவுக்கு ஒரே பெயர். முன்னால் தாத்தாவின் பெயருக்கான ஓர் எழுத்து, அவ்வளவுதான். முதல் கடவுச்சீட்டில் அவர் பெயர் ஒரு கட்டத்தில் முழுதாக அச்சாகி, மற்றொரு கட்டம் காலியாக இருந்தது. இதில் பிழையென்று எதுவுமில்லை. ஆனால் பயணச்சீட்டு பதிவு செய்யும் இணையப் படிவங்களோ கடைசிப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்கு நகர விடுவதில்லை. என் கணவர் ஏதாவது போடலாமென்று இனிஷியலைப் போட்டுவிட்டார். பயணச்சீட்டில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு பெயர் என்றாகிவிட்டது. நல்லவேளையாகப் பதிவு செய்த மறுநாளே கவனித்ததால், கட்டணம் கட்டித் திருத்திக்கொண்டோம்.

அதன் பிறகு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். படிவத்தில் பெயரை எழுதும்போது மேலே அழகாக அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பார்க்கிறேன். வரிக்கு 44 எழுத்துகள் வீதம் ஓடும் அந்த இரண்டு வரிகள்தான் இயந்திரம் படிப்பவை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி அமைக்கப்பட்டவை என்பதால் எந்த நாட்டுக் கடவுச்சீட்டாக இருந்தாலும் அவற்றின் வடிவம் ஒன்றுதான். முதல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறிக்குப் பிறகு குடும்பப் பெயரும், அதன்பின் இரண்டு அம்புக்குறிகளும் (<<), அதன்பின் இயற்பெயரும் வரும். புள்ளிகளுக்கு அங்கே இடமில்லை. ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு அந்த ஒரு பெயரே முதலில் நின்று, மீதி இடமெல்லாம் அம்புக்குறிகளாக நிரம்பியிருக்கும். இரண்டாவது வரியில் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை, நடுநடுவே சரிபார்ப்பு இலக்கங்களுடன், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்கும். மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்து, ஒவ்வொருவரின் பிறந்த நாளையும் அம்புக்குறிகளுக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்தாள். "தம்பிக்கு மட்டும் நிறைய அம்பு" என்றாள். அவன் பெயர் சிறியது.

ஒற்றைப் பெயர் வெறும் படிவச் சிக்கலோடு நின்றுவிடுவதில்லை. இயற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இயற்பெயர் அறியப்படவில்லை என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்தை அச்சிடுவார்கள். பிறகு அதுவே பெயர்போலப் பல ஆவணங்களில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைக்கு முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுப்பவர்கள் இரண்டு கட்டங்களும் நிரம்பும்படி பெயரைப் பதிவது நல்லது என்பேன். ஆனால் அந்த முடிவைப் பிறப்புச் சான்றிதழிலேயே எடுத்துவிட வேண்டும். சான்றிதழில் ஒன்றும் கடவுச்சீட்டில் வேறொன்றும் இருந்தால், பள்ளிச் சான்றிதழ் வரை அந்தக் கோணல் தொடரும்.

குழந்தையின் ஒளிப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும். பல நாடுகள் கேட்பது 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் உள்ள படம். அமெரிக்கா சதுரமாகக் கேட்கும். மகனுக்கு மூன்று மாதமானபோது வெள்ளை விரிப்பின் மீது கிடத்தி, சன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாதபடி மேலிருந்து எடுத்தோம். முப்பது நாற்பது படங்களில் ஒன்று தேறியது. அந்தப் படத்திலுள்ள குழந்தைக்கும் இப்போது ஓடியாடும் பையனுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை என்பதால், பயணங்களில் அவனது பிறப்புச் சான்றிதழின் நகலையும் கையில் வைத்துக்கொள்கிறேன்.

மகனின் விண்ணப்பத்தில்தான் இன்னொரு பாடமும் கிடைத்தது. என் கணவர் அப்போது வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தார். குழந்தையின் தாய் நேரில் போகிறேனே, போதாதா என்று கிளம்பிவிட்டேன். போதவில்லை. தந்தையின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் இல்லாததால் கைக்குழந்தையோடு திரும்பி வந்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை நாட்டைவிட்டுக் கடத்திச் செல்வதைத் தடுக்கத்தான் இருவரின் ஒப்புதலையும் கேட்கிறார்கள் என்று அறிந்தபின், அந்த விதியின்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. இதே கேள்வி எல்லையிலும் எழலாம். தாயோ தந்தையோ தனியாகக் குழந்தையை அழைத்துச் செல்லும்போதும், தாத்தா பாட்டியுடன் அனுப்பும்போதும், வராதவரின் ஒப்புதல் கடிதத்தை நோட்டரியின் சான்றோடு எடுத்துச் செல்வது நல்லது. தென்னாப்பிரிக்கா 2015இல் குழந்தைகளோடு வருபவர்களிடம் பெற்றோர் விவரம் அடங்கிய பிறப்புச் சான்றிதழையும் ஒப்புதலையும் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கி, பின்னர் வெளிநாட்டவருக்கு அதைத் தளர்த்தியது. விதிகள் இப்படி இறுகியும் தளர்ந்தும் கொண்டிருப்பதால், ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் செல்லும் நாட்டின் அதிகாரபூர்வப் பக்கத்தில் புதிதாகப் பார்க்க வேண்டும். சென்ற முறை போய்வந்த உறவினரின் அனுபவத்தை நம்பக் கூடாது. என்னுடையதையும்கூட.

விமான நிலையத்திலிருந்து திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் கடவுச்சீட்டு விஷயத்தில் அளவுக்கு மீறி எச்சரிக்கையானோம். அதில் அம்மாவின் எச்சரிக்கைதான் எங்களைக் கவிழ்த்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று தன்னுடையதை எங்கோ வைத்துவிட்டு, எங்கே என்பதை மறந்துவிட்டார். இரண்டு நாட்கள் தேடினோம். அடுத்த பயணம் நெருங்கவே, தொலைந்துவிட்டதாகப் புகார் அளித்துப் புதியதற்கு விண்ணப்பித்தோம். புதியது கைக்கு வந்த அடுத்த வாரம், மருத்துவரிடம் போவதற்காக அவருடைய எக்ஸ்ரே உறையை எடுத்தபோது, முழங்கால் படத்திற்குப் பின்னாலிருந்து பழையது நழுவித் தரையில் விழுந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துத் துடைத்து, "விசா அப்படியே இருக்கு பாரு" என்றார். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனைப் பார்க்கப் போவதற்காக வாங்கிய விசா. இன்னும் பல ஆண்டுகள் செல்லக்கூடியது.

அது செல்லாது என்று அவருக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. வழக்கமாகக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது பழையதில் உள்ள அமெரிக்க விசா கெடுவதில்லை. விசா பக்கம் சேதமாகாமல் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துச் சென்று அதைப் பயன்படுத்தலாம். ஆனால் தொலைந்ததாகப் புகார் அளித்துவிட்டால் அந்தப் புத்தகம் ரத்தாகிவிடும். விசா விஷயத்திலும் அதே கதைதான். தொலைந்த, திருடுபோன கடவுச்சீட்டுகளுக்கென 2002 முதல் இன்டர்போல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. நாடுகள் தரும் எண்கள் அதில் சேர்கின்றன. அப்படிச் சேர்ந்த எண்ணோடு எல்லையில் போய் நிற்பவர், தன்னுடைய புத்தகத்தையே திருடியவர்போல விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா புதிய விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போனார். வீட்டுக்குள்ளேயே காணாமல் போனதென்றால் புகாருக்கு முன் ஒரு வாரமாவது தேட வேண்டும் என்பது இதில் நான் கற்றது. வெளிநாட்டில் தொலைந்தால் அப்படியல்ல. அன்றைக்கே காவல் நிலையத்தில் பதிவு செய்து, தூதரகத்திற்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் அவசரப் பயண ஆவணம் பெரும்பாலும் நாடு திரும்ப மட்டுமே உதவும். பயணத்தின் மீதிப் பகுதியை மறந்துவிட வேண்டியதுதான்.

விசாவைப்போலவே கவனிக்க வேண்டியது மின்னணு அனுமதிகள். அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் செல்லும் தகுதியுள்ள நாட்டவர் பெறும் எஸ்டா அனுமதி கடவுச்சீட்டு எண்ணோடு பிணைந்தது. புதிய கடவுச்சீட்டு வாங்கினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அடிக்கடி பறப்பவர்களுக்காக விமான நிறுவனங்கள் நடத்தும் உறுப்பினர் திட்டங்களில் பதிந்து வைத்திருக்கும் பழைய எண்ணையும் மாற்ற வேண்டும். என் கணவர் இதை மறந்து, பழைய எண்ணிலேயே இணையவழி செக்-இன் செய்ய முயன்று அரைமணி நேரம் தவித்தார்.

பயணத்தின்போது ஐந்தும் ஒருவரிடமே இருப்பதா, அவரவரிடம் இருப்பதா என்ற விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. கவுன்டர்களில் ஒருவர் கையில் இருப்பது வசதி. ஆனால் அந்த ஒரு பை போனால் ஐந்து பேரும் நடுத்தெருவில் நிற்போம். கவுன்டர் முதல் விமான வாயில் வரை நான் வைத்துக்கொள்வது, இறங்கி வெளியே வந்ததும் பெரியவர்கள் மூவரும் பிரித்துக்கொள்வது, பிள்ளைகளுடையதில் ஒன்றை நானும் ஒன்றை அவரும் வைத்துக்கொள்வது என்று இப்போதைக்குச் சமாதானமாகியிருக்கிறோம். பெட்டிகளோடு அனுப்பும் பையில் மட்டும் ஒருபோதும் வைப்பதில்லை. ஒளிப்படப் பக்கத்தின் அச்சு நகல்கள் வேறொரு பையில் இருக்கும். கைப்பேசியிலும் ஒரு படி உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவற்றைப் பகிர வேண்டாம் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடவுச்சீட்டிலுள்ள மின்னணுச் சிப்பைத் திறக்கும் குறியீட்டுச் சாவி, அதன் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றிலிருந்துதான் உருவாகிறது. மூன்றும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன.

புத்தகத்தின் உடல்நலமும் முக்கியம். தண்ணீர் பட்டு உப்பிய பக்கம், பிரியத் தொடங்கிய அட்டை, குழந்தை ஒட்டிய ஸ்டிக்கர், இவற்றில் எதுவானாலும் ஆவணம் சேதமடைந்ததாகக் கருதப்படலாம். சுற்றுலாத் தலங்களில் நினைவுக்காகக் குத்தித்தரும் அலங்கார முத்திரையைக்கூடக் கடவுச்சீட்டில் வாங்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மகளுக்கு அப்படியொன்று வாங்கிக் கொடுத்தோம். ஆறு மாதங்கள் கழித்துச் சிங்கப்பூருக்குப் போனபோது அவள் அதில் முத்திரைகளைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டாள்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஐந்து பெயர்கள், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, புதுப்பிக்கத் தொடங்க வேண்டிய தேதி. மாதங்களை எண்ணால் எழுதாமல் பெயராகவே எழுதச் சொன்னேன். நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டுவிடக் கூடாது. தாளை எழுதியவள் மகள். முதலில் காலாவதியாகும் கடவுச்சீட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். இப்போது அந்த வட்டத்துக்குள் இருப்பது அவள் தம்பியின் பெயர்.